சிதைவு பிறர்க்கின்மை

'மாஸ்கிங்' என்னும் ஆங்கிலச் சொல்லை 'முகமூடி அணிதல்' என்று பெயர்த்துவிட்டால் வேலை எளிதில் முடிந்துவிடும். ஆயினும், தமிழில் முகமூடி என்றதும் கொள்ளைக்காரனும் கூத்தாடியும் அல்லவா நினைவுக்கு வருகின்றனர்? அது வேண்டும்போது அணிந்து வேண்டாதபோது கழற்றி வைக்கும் பொருள். ஆட்டிசமோ ஏ.டி.எச்.டி.யோ உடைய ஒரு தாய், பிறர் நகைக்குமிடத்து நகைத்து, காது பொறாத ஓசையைப் பொறுத்து, பேச வேண்டியதை முன்னரே மனத்துள் ஒத்திகை பார்த்துப் பேசுகின்றாளே, அது அத்தகையதன்று. (ஆட்டிசத்துக்கு 'மதியிறுக்கம்' என்று பெயரிட்டவர், மதிதான் இறுகியது என்று எங்ஙனம் கண்டாரோ!)

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் புரட்டினால் இதற்கு நெருங்கிய சொல் கிடைக்கின்றது. களவின் தொடக்கத்துத் தலைவியிடம் தோன்றும் மெய்ப்பாடுகளுள் 'நகுநயம் மறைத்தல்' ஒன்று. 'சிதைவு பிறர்க்கின்மை' மற்றொன்று. உள்ளம் சிதைந்ததைப் பிறர் அறியாமற் காத்தலே பின்னது. இதில் வஞ்சகம் என்னும் குறிப்பு அணுவளவும் இல்லை. மறைத்தலையே ஒரு மெய்ப்பாடாக, அதாவது கண்டு உணரத்தக்கதொன்றாக, ஆசிரியர் எண்ணியிருப்பது வியக்கத்தக்கது.

எனினும், ஒப்புமை முற்றும் பொருந்தாது. தலைவி மறைப்பது சின்னாள். அவள் மறைத்ததை உணரத் தோழி ஒருத்தி அருகே இருக்கின்றாள். கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் வாழும் தாய்க்குத் தோழி யார்? தீபாவளிக்கு முந்திய வாரத்தில் தெங்கு கிளானா சாலைக்கோ பிரிக்பீல்ட்சுக்கோ அவள் பிள்ளைகளுடன் செல்கின்றாள். கடைக்குக் கடை வேறு வேறு பாட்டு, நெரிசல், புகை, எதிர்ப்படும் உறவினரின் நலவிசாரணை. அனைத்துக்கும் முகமலர்ந்து விடையிறுத்து வீடு திரும்பியவள், இருட்டறையில் கதவடைத்துப் படுத்துவிடுகின்றாள். மாமியார் அதற்குச் சோம்பல் என்று பெயரிடுகின்றார். கணவன் திமிர் என்கின்றான்.

இரண்டும் பிழை. லாரா ஹல் முதலியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசமுடைய பெரியோர் பலர் இம்மறைப்புக்குப் பின் வரும் கடுங்களைப்பைக் கூறினர். டோரா ரேமேக்கர் குழுவினர் 2020-இல் விளக்கிய 'பர்ன்அவுட்' அதனினும் கொடிது. நெடுநாள் நீளும் அயர்வு. முன்பு இயன்ற செயல்களே இயலாமற்போதல். ஒளியும் ஓசையும் முன்னிலும் மிகுதியாக வருத்துதல். நேற்றுவரை சமைத்தவளுக்கு இன்று அரிசி களைவதே மலையாகின்றது என்றால் அது நடிப்பன்று. ஒரு நாள் உறங்கி எழுந்தால் தீர்வதுமன்று. 'சோர்வு' என்று தமிழாக்கினால் பாதிப்பொருளும் வாராது. 'ஓய்ந்துபோதல்' ஒருவாறு பொருந்தலாம்.

இத்தாயருள் பலர் தம்மை அறிவது தம் பிள்ளை வழியாகவே. 1998-இல் சிட்னியில், நரம்பியல் பன்மை என்னும் பொருள்பட 'நியூரோடைவர்சிட்டி' என்ற சொல்லைத் தம் ஆய்வேட்டில் ஆண்ட ஜூடி சிங்கர், தம் தாய், தாம், தம் மகள் என மூன்று தலைமுறைப் பெண்களிடமும் இக்கூறுகளைக் கண்டவர். 1943-இல் லியோ கேனர் விவரித்த பதினொரு குழந்தைகளுள் எண்மர் ஆண்கள். அன்று முதல் நெடுங்காலம் ஆண்பிள்ளையை வைத்தே இலக்கணம் வகுத்தனர். பெண் அவ்விலக்கணத்துள் அகப்படாமற் போனாள். அகப்படாதவாறு மறைக்கவும் கற்றாள். அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு அணியென்று போற்றிய நம் மரபில், கண் நோக்கிப் பேசாத சிறுமியை அடக்கமானவள் என்று பாராட்டிவிட்டு அப்பால் சென்றிருப்போம்.

மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா இவ்விடத்து நினைக்கத்தக்கது. கண்ணாலும் செவியாலும் திண்ணிதின் உணர்வார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் விளங்காது என்பது அதன் கருத்து. பொறுப்பைக் காட்டுபவர்மேல் அன்றிக் காண்பவர்மேல் வைத்திருக்கின்றார் ஆசிரியர். தேர்ச்சி அறிக்கை வாங்கவரும் நாளில், ஆசிரியர் சொல்வதற்கெல்லாம் சிரித்துத் தலையசைத்து, கையொப்பமிட்டு, எவரோடும் நின்று பேசாமல் விரைந்து வெளியேறும் தாய் ஒருத்தி ஏறக்குறைய எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் உண்டு. பிள்ளைமேல் அக்கறையற்றவள் என்று அவளைப் பற்றி ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கின்றனர்.