சட்டம் அறுத்த தளையும் உள்ளம் அறுக்காத தளையும்

அடிமை முறையை ஓர் ஆணையால் ஒரே நாளில் ஒழித்துவிடலாம். ஆண்டான், அடிமை என்னும் எண்ணத்தை அவ்வளவு எளிதில் ஒழிக்க இயலாது. இவ்வுண்மையை ஒரு குடும்பக் கதையின் வாயிலாகப் புலப்படுத்தியவர் அரபு நாவலாசிரியை ஜோகா அல்ஹார்த்தி.

1978-இல் ஓமன் நாட்டில் பிறந்த இவ்வம்மையார், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பண்டை அரபு இலக்கியத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் மஸ்கட் சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். 2010-இல் வெளிவந்த இவருடைய நாவல் 'சய்யிதாத் அல்-கமர்'. 'நிலவின் நங்கையர்' என்பது அத்தொடரின் பொருள். அரபு வாசகரோடு நின்றிருந்த அந்நூலை மர்லின் பூத் ஆங்கிலத்தில் பெயர்க்க, அது 2018-இல் வெளியாயிற்று. மறு ஆண்டே மேன் புக்கர் அனைத்துலகப் பரிசு அதற்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் அரபு நூல் அதுவே. பரிசுத் தொகையான 50,000 பவுனை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சமமாகப் பகிர்ந்துகொண்டனர்.

அல்-அவாஃபி என்னும் சிற்றூரில் வாழும் மய்யா, அஸ்மா, கௌலா என்னும் சகோதரியர் மூவரின் மணவாழ்வே மேலோட்டமான கதை. ஆயினும், நாவலைத் தாங்கும் தூண் ஸரீஃபா என்னும் அடிமைப் பெண்ணே ஆவாள். மய்யாவின் கணவன் அப்துல்லாவைத் தாயில்லாக் குறை தெரியாமல் வளர்த்தவள் அவள். அடிமை முறையை ஒழிக்க 1926 செப்டம்பரில் ஜெனீவாவில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்ட வேளையில் அவள் அடிமையாகப் பிறக்கிறாள் என்று ஆசிரியர் அமைத்திருப்பது கூரிய நகைமுரண். ஓமனில் அம்முறை சட்டப்படி ஒழிந்தது 1970-இல்தான்.

அதன் பின்னும் என்ன நிகழ்கிறது? சட்டம் நம்மை விடுவித்துவிட்டது என்கிறான் மகன் சஞ்சர். வணிகர் சுலைமானே நம்மை வளர்த்தவர் என்கிறாள் தாய். மகன் குவைத்துக்குப் புறப்பட்டுவிடுகிறான். மரணப் படுக்கையிலும் அறிவு மயங்கிய சுலைமான், சஞ்சரைத் தூணில் கட்டுமாறு ஆணையிடுகிறார். சட்டம் மாறியது அவர் நினைவில் ஏறவேயில்லை.

இந்நாவலில் 'நான்' என்று பேசும் உரிமை அப்துல்லா ஒருவனுக்கே உண்டு. ஏனையோர் கதையைப் பிறிதொரு குரல் கூறுகிறது. அடிமைப் பெண்ணின் வரலாற்றை எழுதுபவர், ஆண்டான் மகனுக்கு மட்டும் தன் வாயால் பேசும் உரிமை அளித்தது குறையன்றோ என வினவலாம். அவ்வினா நியாயமானதே. ஆனால், அவ்வுரிமை பெற்றவனும் விடுதலை பெற்றவனல்லன். பிள்ளைப் பருவத்தில் தந்தை தன்னைக் கிணற்றில் தலைகீழாகத் தொங்கவிட்ட கொடுமை, நடுவயதிலும் அவனை விட்டகலவில்லை. ஸரீஃபாவைக் கட்டிய கைகளே அவனையும் கட்டின. இதனை அவன் வாய்மொழியாகவே வெளிப்படச் செய்ததில் ஆசிரியரின் துணிவு விளங்குகிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. பாத்திரங்கள் மிகப் பலர். காலமோ முன்னும் பின்னும் தாவுகிறது. கௌலாவின் கதை விரைந்து முடிகிறது. எனினும் ஒரு நாட்டின் சட்ட நூல் சொல்லாமல் விட்டதை நாவல் சொல்ல முடியும் என்பதற்கு இந்நூல் தக்க சான்று. வரலாறு விடுதலை நாளைக் குறித்து வைக்கும்; அந்த நாளுக்குப் பின்னும் தொடர்ந்த அடிமைத்தனத்தை இலக்கியமே குறித்து வைக்கிறது.