ஹெல்ம் மென்பொருளில் ஆர்ப்பெஜியேட்டர்: ஐந்து முறைகளும் ஒரு தாளக் கணக்கும்

விரல்கள் சேர்த்துப் பிடித்த ஸ்வரங்களை ஒருங்கே ஒலிக்க விடாமல், ஒவ்வொன்றாகப் பிரித்துச் சீரான காலப்பிரமாணத்தில் இடையறாது வாசித்துக்கொண்டே இருக்கும் சாதனம் ஆர்ப்பெஜியேட்டர். 1978-இல் ரோலண்ட் நிறுவனத்தார் வெளியிட்ட ஜூபிடர்-4 போன்ற விலையுயர்ந்த வாத்தியங்களில் இடம்பெற்றிருந்த அந்த வசதி, மாட் டைட்டெல் இயற்றிய ஹெல்ம் என்னும் மென்பொருளின் வாயிலாக, காஞ்சிக்கு மேற்கே, யாதவப்பிரகாசரிடம் இராமானுசர் பாடம் கேட்ட ஊர் என்று வைணவ மரபு போற்றும் திருப்புட்குழியில், என் பழைய மடிக்கணினிக்கும் இலவசமாக வந்து சேர்ந்திருக்கிறது.

ச, க, ப என்னும் மூன்று ஸ்வரங்களை அழுத்திப் பிடித்தால், ‘அப்’ முறை அவற்றை ஆரோஹணமாகவும், ‘டவுன்’ அவரோஹணமாகவும், ‘அப்-டவுன்’ ஏறி இறங்கியும், ‘ரேண்டம்’ நியமம் எதுவுமின்றியும் ஒலிக்கச் செய்கின்றன. ‘ஆஸ் பிளேட்’ என்பதோ விரல் வைத்த வரிசையையே பின்பற்றுவதால், வாசிப்பவனுடைய கற்பனைக்கு மிகுந்த இடம் தருவது அதுவே. ஆயினும் ஒரு கட்டையை ஒரு முறைதான் அழுத்திப் பிடிக்க இயலுமாகையால், ஆனந்தபைரவியைப் போலக் காந்தாரம் இருமுறை வரும் வக்கிர ஆரோஹணத்தை அதனால் அமைக்க முடியாது.

இம்முறைகளின் உண்மையான வேறுபாடு தாளத்தோடு சேரும்போதே புலனாகிறது. அக்ஷரத்துக்கு நான்கு ஸ்வரமாக வைத்துக்கொண்டால் ஆதி தாள ஆவர்த்தனம் ஒன்றுக்கு 32 ஸ்வரங்கள் ஆகும். மூன்று ஸ்வரங்களைச் சுற்றிவரும் ‘அப்’ முறை அதற்குள் சமமாக அடங்காமல், மூன்று ஆவர்த்தனங்கள் கழித்து, 96 ஸ்வரங்கள் முடிந்த பிறகே சமத்தில் வந்து பொருந்துகிறது. ஏறி இறங்கும்போது ‘ச க ப க’ என்று நான்காகச் சுற்றினால் ஒவ்வோர் ஆவர்த்தனமும் தவறாமல் சமத்தில் விழும். சில மென்பொருள்களில் உள்ளதுபோல் இரு முனை ஸ்வரங்களும் இரட்டித்து ஆறாகச் சுற்றினாலோ மறுபடியும் மூன்று ஆவர்த்தனங்கள் காத்திருக்க வேண்டும். ஆறு அக்ஷரமுள்ள ரூபகத்தில், 24 ஸ்வரங்களுக்குள் மூன்று சுற்றுகளுமே பிசிறின்றி அடங்கிவிடுகின்றன. எனவே, முறையைத் தேர்ந்தெடுக்குமுன் பிடிக்கும் ஸ்வரங்களின் எண்ணிக்கையையும் தாளத்தையும் சேர்த்தே எண்ணிப் பார்ப்பது அவசியம்.

ஸ்வரம் எத்தனை நேரம் நீடிக்க வேண்டும் என்பதை ‘கேட்’ நிர்ணயிக்கிறது. அதைக் குறைத்தால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்துத் தெறித்து ஒலிக்க, தாளத்தின் நடை தெளிவாகக் காதில் விழுகிறது. ‘ஆக்டேவ்’ எண்ணைக் கூட்டினால் அதே ஸ்வரங்கள் மேல் ஸ்தாயியிலும் தொடர்ந்து சுற்று நீளுகிறது. மூன்று ஸ்வரங்கள் இரண்டு ஸ்தாயிகளில் ஆறாகும்போது மேற்கூறிய கணக்கும் அதற்கேற்ப மாறும். தனியே கீபோர்டு இல்லாதவர்கள் கணினியின் எழுத்துக் கட்டைகளைக் கொண்டே வாசிக்கலாம் என்பது கிராமத்து மாணவர்களுக்குப் பெரிய அனுகூலம்.

கமகத்தை மட்டும் இச்சாதனத்திடம் எதிர்பார்க்கலாகாது. ஸ்வரங்களைத் துண்டு துண்டாக நிறுத்தி ஒலிப்பதே இதன் இயல்பாகையால், அசைவிலும் இழைவிலும் உயிர் வாழும் ராக பாவம் இதில் பிறப்பதில்லை. ஆனால் லய ஞானத்தை வளர்த்துக்கொள்ளவும், மெல்லிசைக்குப் பின்னணி அமைக்கவும் இதைவிடச் செலவற்ற துணை வேறு வேண்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம். இசை பயிலும் இளைஞர்கள் முதலில் ‘ஆஸ் பிளேட்’ முறையை வைத்துக்கொண்டு, கையால் ஆதி தாளம் போட்டபடியே கேட்டுப் பழகுவார்களாக.