அண்டா முந்தியா, அடுப்பு முந்தியா?

தமிழ்நாட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் புடவை எடுக்க ஒரு நாள், நகை எடுக்க ஒரு நாள், பாத்திரம் எடுக்க ஒரு நாள். யாழ்ப்பாணத்தில் கூறைக்கும் தாலிக்கும் நாள் பார்ப்பார்கள். சட்டி பானைக்கு நாள் பார்த்து நான் கண்டதில்லை. அங்கே வளர்ந்து சென்னையில் குடித்தனம் நடத்துகிறவள் என்பதால் இரண்டு பட்டியலும் எனக்கு அத்துப்படி. முதல் வீட்டுக்கு எதை வாங்குவது என்று யாராவது கேட்டால் நான் விலையில் தொடங்குவதில்லை. பெண் யார் வீட்டுக்குப் போகிறாள், அங்கே என்ன பருப்பு வேகிறது என்று கேட்பேன். பாதிப் பட்டியல் அதிலேயே வந்துவிடும்.

1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமைப்படி யாழ்ப்பாணத்துப் பெண்ணின் சீதனத்தில் காணியும் வீடும் முக்கியம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மட்டக்களப்புப் பக்கம் இன்னும் ஒரு படி மேல். மகள் கல்யாணமானதும் பெரிய வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் சின்ன வீடொன்றுக்கு ஒதுங்கிக்கொள்வது தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள வழக்கம். ஆகவே புதுப்பெண் நுழைவது ஏற்கெனவே புகை படிந்த குசினிக்குள். தாச்சி என்கிற வாணலி அங்கே இருக்கிறது, தேங்காய் துருவும் திருவலை இருக்கிறது, அம்மி இருக்கிறது. விசேஷத்துக்குக் கிடாரம் வேண்டுமென்றால் வேலிக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தால் போதும்.

தமிழ்நாட்டில் பெண் இன்னொருத்தியின் சமையலறைக்குப் போகிறாள். கூடப் போகும் பாத்திரம் அவளுக்கான மரியாதை. மண்டபத்தில் பத்துப் பேர் பார்க்க வரிசை வைக்கப்படுவது. அதனால் பார்வைக்குப் பெரியது முதலில் ஏறும்: அண்டா, தவலை, குடம், அன்னக்கூடை, ஏழடுக்குச் சம்படம், குத்துவிளக்கு. போன வீட்டில் மாமியாரின் அண்டா இருக்கும்போது இந்த அண்டாவுக்கு என்ன வேலை? பரணில் ஏறும். தனிக்குடித்தனம் போகும்போது இறங்கி, வாடகை வீட்டு லாஃப்டில் மறுபடி ஏறும். சென்னையில் இரண்டு பேர் குடியிருக்கும் வீட்டில் ஐம்பது பேருக்குப் பொங்கல் வைக்கப் பாத்திரம் இருக்கும், ரெண்டு ஆழாக்கு ரசம் வைக்க ஒழுங்கான பாத்திரம் இருக்காது. சீரை நிறுத்தச் சொல்லவில்லை. அண்டாவைக் குறைத்து, தினமும் அடுப்பேறும் நாலு பாத்திரத்தைக் கனமாக எடுக்கச் சொல்கிறேன். எடை கணக்கில் பார்த்தால் செலவு ஒன்றுதான்.

ஆனால் அந்தப் பாத்திரக்கடை நாளில் ஒரு படிப்பினை இருக்கிறது, அது இலங்கையில் கிடைக்காது. தி. நகர் உஸ்மான் சாலையானாலும் கும்பகோணத்துக் கடைத்தெருவானாலும் எவர்சில்வரும் பித்தளையும் தராசில் ஏறித்தான் கைக்கு வரும். கிலோ என்ன விலை என்பதுதான் பேச்சு. போன வருஷம் ஒரு கடையில் பார்த்தேன். பெண்ணின் அம்மா ஒரு குண்டானைத் தூக்கி, விரல் மடக்கி அடியில் தட்டினார்.

"என்னண்ணே, தகடு டங்குங்குது?"

"அம்மா, இது லைட் வெயிட். கனமா வேணும்னா மேல் தட்டுல இருக்கு பாருங்க. அது 304. வேணும்னா காந்தம் வெச்சுப் பாருங்க, ஒட்டாது."

காந்தம் ஒட்டவில்லை. அம்மாவுக்குத் திருப்தி. பில்லுக்குப் பக்கத்திலேயே பேர் வெட்டும் பையன் உட்கார்ந்திருந்தான். பேனா மாதிரி ஒரு கருவி, உள்ளே கிர்ரென்று நடுங்கும் ஊசி. இனிஷியலோடு பெண் பேர், கீழே தேதி, கோடு கிழிக்காமல் ஒரே மூச்சில் எழுதினான். கரண்டி முதற்கொண்டு எதையும் விடவில்லை.

அந்தக் காந்தச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. 304 என்பது சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த எஃகு. புளிக்கும் உப்புக்கும் தாங்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை எஃகு அதைவிட மலிவு. கல்லுப்பு போட்டு வைத்தால் நாளடைவில் புள்ளி விழும். இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தத்தை வைத்து ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்துவிட முடியாது. அடியில் நன்றாக ஒட்டினால் அது இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஆகும் என்று தெரியும், அவ்வளவுதான். நம்ப வேண்டியது பாத்திரத்தில் குத்தியிருக்கும் முத்திரையையும் பில்லில் எழுதித் தரும் எண்ணையும். பித்தளைக்கு இந்தக் குழப்பம் இல்லை. விலை கூடுதல், புளி வைக்க ஈயம் பூச வேண்டும், பூசுகிறவர்களும் அருகிவிட்டார்கள். ஆனாலும் பழசாகப் போடும்போது பித்தளைக்குக் கிடைக்கும் காசில் கால்வாசிகூட எவர்சில்வருக்குக் கிடைக்காது. தேய்த்துக் கழுவத் தெம்பிருந்தால் ஒரு பித்தளை உருளி வாங்கிப் போடலாம்.

இனி பருப்பு. தமிழ்நாட்டுச் சாம்பாருக்குத் துவரம்பருப்பு. திறந்த பாத்திரத்தில் அது வேக முக்கால் மணி நேரம் ஆகும். அதனால்தான் இங்கே முதல் வீட்டின் முதல் சாமான் பிரஷர் குக்கர். இலங்கையில் தினசரிப் பருப்பு என்றால் மைசூர்ப் பருப்பு, அந்தச் சிவப்புப் பருப்பு. கழுவி, பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டு மண்சட்டியில் வைத்தால் கால் மணி நேரத்தில் மசிந்துவிடும், தேங்காய்ப்பால் விட்டு இறக்க வேண்டியதுதான். விசிலுக்கு அங்கே வேலையில்லை. இலங்கை வீட்டுக்குள் முதலில் வருவது ரைஸ் குக்கர், சோற்றைச் சூட்டோடு வைத்திருக்க. சென்னையிலிருந்து போகிற சொந்தக்காரர் ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஐந்து லிட்டர் குக்கர், ஆட்டிறைச்சி காய்ச்சும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வெளியே வரும்.

குக்கர் வாங்குகிறவர்களுக்கு: இந்தியாவில் 2021 பிப்ரவரி 1 முதல் ஐ.எஸ். 2347 தர முத்திரை இல்லாத வீட்டுக் குக்கரை விற்பது சட்டப்படி குற்றம். அப்படியும் விற்றார்கள் என்று 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய இணைய வணிக நிறுவனங்களுக்கே தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் குக்கரின் உடம்பிலேயே தேட வேண்டும், அட்டைப்பெட்டியில் பார்த்துவிட்டு விடக் கூடாது. இருவருக்கு மூன்று லிட்டர் தாராளம். ஐந்து லிட்டரில் ஒரு பிடி பருப்பை வைத்து எரிவாயுவைக் கரைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன்.

அரைப்பதிலும் இதே கதை. இட்லி மாவுக்குக் கிரைண்டர் இல்லாத தமிழ்நாட்டு வீட்டை நினைக்க முடியாது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. 2011 செப்டம்பரில் அரசாங்கம் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது ஒரு முதல் வீட்டின் பட்டியலை அரசே எழுதிவிட்ட மாதிரிதான். புட்டும் இடியப்பமும் தின்னும் யாழ்ப்பாணத்தானுக்கு அந்தப் பட்டியலில் மிக்ஸி போதும். அவனுக்கு வேண்டியது வேறு: இடியப்ப உரல், தட்டுகள், புட்டு அவிக்கும் பனையோலை நீத்துப்பெட்டி, நல்ல பல் வைத்த திருவலை. சுன்னாகம் சந்தையில் நீத்துப்பெட்டி வாங்கப் போனபோது கூட வந்த மாமி கையைத் தட்டிவிட்டார்.

"உதை வை பிள்ளை. உது நெருக்கமாப் பின்னேல்லை, மா கொட்டுண்டிடும். அங்கால கிடக்கிறதை எடு, வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்."

வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஓலைக்கு நடுவே ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிய வேண்டும். கோடாகத் தெரிந்தால் பின்னல் தளர்வு. அலுமினியப் புட்டுக்குழல் பத்து வருஷம் உழைக்கும், இது ஒரு வருஷம் உழைத்தால் அதிகம். ஆனாலும் நான் நீத்துப்பெட்டிப் பக்கம்தான். ஓலை ஈரத்தை வாங்கிக்கொள்வதால் புட்டு சொதசொதக்காது.

மண்சட்டி இரண்டு இடத்திலும் மலிவு. இலங்கையில் மீன் குழம்புக்கு அது அன்றாடம், சென்னையில் இப்போது திரும்பி வந்த மோஸ்தர். எங்கே வாங்கினாலும் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழக்கிய பிறகுதான் அடுப்பேற்ற வேண்டும். அதுபோலவே வார்ப்பிரும்புத் தோசைக்கல். நான்ஸ்டிக் பற்றி ஒரே வரி: 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், வெறும் சட்டியைப் பெரிய தீயில் வைத்து மறந்தால் அந்தச் சூடு சீக்கிரம் வந்துவிடும்.

அடுப்பு விஷயத்தில் இலங்கைக்காரர்கள் பட்டுத் தெரிந்தவர்கள். 2021 கடைசியில் காஸ் அடுப்புகள் அடுத்தடுத்து வெடித்தன. 2022இல் சிலிண்டரே கிடைக்கவில்லை, 12.5 கிலோ சிலிண்டரைத் தெருவில் வரிசையாக அடுக்கிவிட்டுச் சனம் நாள்கணக்கில் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதம், அடுத்த பிப்ரவரியில் 66 சதவீதம் கூடியது. அதற்குப் பிறகு அங்கே புது வீடு போகிறவர்கள் ஒரே அடுப்பை நம்புவதில்லை. காஸும் இருக்கும், கரண்டும் இருக்கும், பின்பக்கத்தில் மூன்று கல்லாவது இருக்கும். பாத்திரமும் அதற்குத் தக்கதாக வேண்டும்: விறகில் கரி பிடித்தாலும் மனம் பதறாத அலுமினியச் சட்டி ஒன்று. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டுக்காரருக்கு இந்தப் பதற்றம் புரியாது. அவருடைய பதற்றம் தண்ணீர். சென்னையில் வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சும் முன்பே பிளாஸ்டிக் குடம் வந்து இறங்கிவிடும், லாரி வந்தால் பிடிக்க. யாழ்ப்பாணத்தில் கிணற்றில் தண்ணீர் உண்டு, ஆனால் சுண்ணாம்புக்கல் நிலம். மின்சாரக் கேத்தில் வாங்கினால் சில மாதங்களில் உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும். கை நுழையாத வாய்க் கேத்தில் அங்கே வீண் காசு.

காசு என்றதும் இலங்கையில் வரும் சொல் தவணை. 1877இல் தையல் மெஷினோடு வந்த சிங்கர் முதல் தளபாடக் கடைகள் வரை கட்டுக்காசுக்குக் கொடுத்துப் பழக்கியிருக்கின்றன. போருக்குப் பிறகு வன்னியில் இந்திய வீட்டுத் திட்டத்தில் 550,000 இலங்கை ரூபாயில் வீடு கட்டிக்கொண்ட குடும்பங்களுக்குச் சுவரும் கூரையும் வந்தன. தாய் வழியாக வர வேண்டிய குசினி வரவில்லை, அது இடம்பெயர்ந்த வழியெல்லாம் சிதறிப்போயிருந்தது. ஏ9 வீதி திறந்ததும் வீட்டுச் சாமான்களும் கடன்காரரும் ஒன்றாகத்தான் வடக்கே வந்தார்கள். 60,000 ரூபாய்க் குளிர்சாதனப் பெட்டியை மாதம் 3,500 வீதம் இரண்டு வருஷம் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள், 84,000 ஆகிறது. பெட்டியில்லாமல் அதே 3,500ஐச் சீட்டில் போட்டால் ஒன்றரை வருஷத்துக்குள் கைக்காசில் வாங்கலாம். விலைவாசி நிலையாக இருந்தால் இந்தக் கணக்கு சரி. 2022 மார்ச்சில் ஒரு டாலர் 200 ரூபாயிலிருந்து இரண்டே மாதத்தில் 360ஐத் தாண்டியபோது, முன்பே தவணைக்கு வாங்கியவர்கள்தான் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். அதைச் சொல்லி இன்றும் தவணை விற்கிறார்கள். அது எப்போதோ ஒரு முறை நடப்பது, வட்டி மாதா மாதம் நடப்பது.

தமிழ்நாட்டில் தவணையைவிட ஆடித் தள்ளுபடி ஆசை காட்டும். மிக்ஸிக்கும் குக்கருக்கும் அது உண்மையிலேயே உதவும், பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கும் சலுகை கூடச் சேரும். கிலோ விலைக்கு விற்கும் பாத்திரத்தில் தள்ளுபடி என்பதை நான் நம்புவதில்லை. ஆனியில் என்ன விலை சொன்னார்கள் என்று குறித்து வைத்திருந்தால் தெரியும்.

இந்த இரண்டு ஊர் வழக்கத்தையும் கலந்தவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் என்று வழி வந்துவிட்டதால் கல்யாணச் சாமானைத் தி. நகரில் வாங்கிப் போகிற யாழ்ப்பாணக் குடும்பங்கள் உண்டு. இலங்கையில் வற் எனும் மதிப்புக்கூட்டு வரி மட்டும் 18 சதவீதம் என்பதால் கணக்கு கட்டும். அவர்களுக்கு என் யோசனை: எடைக்கு விற்கும் கனமான எவர்சில்வரை இங்கே வாங்குங்கள்; ஓலை, மண், அலுமினியம், ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் ஊரிலே வாங்குங்கள். மிக்ஸி கொண்டுபோனால் இந்திய உருண்டை முள் பிளக் அங்குள்ள 13 அம்பியர் சதுர முள் சொக்கற்றில் ஏறாது, அடாப்டரில் தொங்கவிடாமல் மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு தலையை மாற்றிவிடுங்கள். ஜாருக்குப் பிளேடு, குக்கருக்குக் கேஸ்கெட், சேப்டி வால்வு மூன்றிலும் ஒரு சோடி கூடுதலாக வாங்கிப் பெட்டியில் போடுங்கள். கிராம் கணக்கில்தான் எடை, சுங்கத்திலும் யாரும் கேட்க மாட்டார்கள்.