அப்பத்தாவின் மூக்குத்தியும் கிம்ப் 3-உம்

அப்பத்தாவின் கல்யாணப் படம் ஒன்று எங்கள் வீட்டு பீரோவில் கிடந்தது. கறுப்பு வெள்ளை. நடுவே ஒரு மடிப்பு, ஓரமெல்லாம் பூச்சி அரித்த தடம், தாத்தாவின் வேட்டி மேல் மஞ்சளாக ஒரு நீர்க்கறை. இதைச் சரிசெய்து பெரிதாக பிரேம் போட வேண்டும் என்று அத்தை வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான் என்பதால் பிளெக்ஸும் என் தலையில். இரண்டையும் ஸ்டூடியோவில் கொடுத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். எனக்கு வந்ததோ வீம்பு. போனில் பில்டர் தட்டியே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டோம், ஒரு மென்பொருளையாவது முறையாகக் கற்றுக்கொள்வோமே என்று.

போட்டோஷாப் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அடோபி 2013-இல் சந்தா முறைக்கு மாறிய பிறகு மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். இரண்டு வேலைக்காக அதில் இறங்க மனசில்லை. பென் டிரைவில் சுற்றும் திருட்டுப் பிரதியும் வேண்டாம். மிச்சமிருந்தது கிம்ப். ஆங்கிலத்தில் ஜிம்ப் என்று படிப்பவர்கள் உண்டு. சரியான உச்சரிப்பு 'கங்கை'யில் இரண்டாவதாக வரும் ககரம்தான். காசு கிடையாது, கணக்குத் திறக்கவும் வேண்டாம். ஐ3 செயலி, 8 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினியில் 3.0 பதிப்பை ஏற்றி மூன்று வாரம் உழன்றேன்.

இதன் பூர்வீகம் 1995. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கியது. பொத்தான், மெனுவெல்லாம் வரைய அன்றிருந்த கருவித்தொகுப்பு பிடிக்காமல் தாங்களே ஒன்றை எழுதிக்கொண்டார்கள். ஜிடிகே என்ற அந்தத் துணைக்கருவி பின்னால் லினக்ஸின் க்னோம் மேசைத்தளத்துக்கே அடித்தளமானது. சட்டி செய்ய வந்தவர்கள் அடுப்பையும் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போன கதை. ஆனால் நிதானம் என்றால் அப்படியொரு நிதானம்: 2.10 பதிப்பு வந்தது 2018 ஏப்ரலில்; 3.0 வந்தது 2025 மார்ச் 16-இல்.

முதல் இரண்டு நாள் எரிச்சல்தான். ஜேபெக் படம் ஒன்றைத் திறந்து, ஏதோ செய்து, கன்ட்ரோல் எஸ் அடித்தால் எக்ஸ்சிஎஃப் என்ற தன் சொந்த வடிவில்தான் சேமிப்பேன் என்று நிற்கிறது. ஜேபெக் வேண்டுமா, அதற்கு 'எக்ஸ்போர்ட்' என்று தனி வழி. போகட்டும். அழிப்பானை எடுத்துப் பின்னணியை அழித்தேன். ஓட்டை விழ வேண்டிய இடத்தில் வெள்ளை பூசியது. காரணம், ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மை என்ற சமாச்சாரமே இல்லை. லேயர் மேல் வலது சொடுக்கி 'ஆட் ஆல்ஃபா சேனல்' கொடுத்த பிறகுதான் அழிப்பான் உண்மையில் அழித்தது. மூன்றாவதுதான் உச்சம். தூரிகையைத் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், ஒன்றுமே விழவில்லை. படத்தின் ஏதோ ஒரு மூலையில் எப்போதோ போட்ட சின்னத் தேர்வுக் கட்டம், எறும்பு ஊர்வது போல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தக் கட்டத்துக்குள் மட்டும்தான் வண்ணம் விழும். தூரிகை வேலை செய்யவில்லை என்று யாராவது புலம்பினால் முதலில் ஷிப்ட் கன்ட்ரோல் ஏ அடித்துத் தேர்வை நீக்கச் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் வேறு லேயரில் நின்றுகொண்டிருப்பார்.

அப்பத்தா படத்துக்கு வருகிறேன். ஆறுக்கு நான்கு அங்குலப் படம். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 3600-க்கு 2400 புள்ளிகள், பெரிதாக்கத் தாராளம். ஒரு சூட்சுமம் உண்டு. கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று ஸ்கேனரை கறுப்பு வெள்ளையில் வைக்கக் கூடாது, கலரிலேயே எடுக்க வேண்டும். மஞ்சள் கறை என்பது நீல ஒளியை விழுங்குவது. ஆகவே நீலச் சேனலில் அது கன்னங்கரேலென்று தெரியும். சிவப்புச் சேனலில் அநேகமாக இருக்கவே இருக்காது. கலர்ஸ் மெனுவில் மோனோ மிக்சரைத் திறந்து சிவப்பை ஒன்று என்றும், பச்சையையும் நீலத்தையும் சைபர் என்றும் வைத்தேன். தாத்தாவின் வேட்டி வெளுத்துக்கொண்டு வந்தது. ஒரு புள்ளியைக்கூடத் தேய்க்காமல் கறையில் முக்கால்வாசி போய்விட்டது. மூன்று வாரத்தில் நான் வாய்விட்டுச் சிரித்த இடம் அது.

அடுத்து 'கர்வ்ஸ்'. பழைய படத்தில் கறுப்பு கறுப்பாக இல்லை, வெள்ளையும் வெள்ளையாக இல்லை, எல்லாம் சாம்பலாகி நடுவில் குவிந்துகிடக்கும். கர்வ்ஸ் பெட்டியின் பின்னணியில் வரும் மலை மாதிரி வரைபடம் அதைத்தான் காட்டுகிறது. இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம். கோட்டின் இரு முனைகளையும் மலை தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நகர்த்தி, நடுவில் லேசாக ஒரு நெளிவு கொடுத்தால் படத்துக்கு உயிர் வருகிறது. பிரகாசத்துக்கு ஒரு குமிழ், கான்ட்ராஸ்டுக்கு ஒரு குமிழ் என்று போனில் திருகிப் பழகியவர்களுக்கு இந்த ஒரு கோடு இரண்டுக்கும் சேர்த்து வேலை பார்ப்பது விளங்கிவிட்டால் திருத்தக் கலையில் பாதி கைவந்த மாதிரி.

3.0-ஐப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. முந்தைய பதிப்புகளில் கர்வ்ஸ் போட்டு சரி கொடுத்தால் அந்தப் புள்ளிகள் அப்படியே மாறிவிடும். நான்கு நாள் கழித்து 'கொஞ்சம் அதிகமாகிவிட்டதே' என்று தோன்றினால் கதை முடிந்தது. இப்போது பெரும்பாலான பில்டர்கள் லேயர் மேல் ஒரு கண்ணாடி மாதிரி உட்கார்ந்துகொள்கின்றன. லேயர் வரிசையில் எஃப்எக்ஸ் என்று சின்ன அடையாளம் வரும். அதைச் சொடுக்கினால் போட்ட பில்டரைத் திறந்து மாற்றலாம், கண் அடையாளத்தைத் தட்டி அணைக்கலாம், வேண்டாமென்றால் தூக்கிப் போடலாம். கோப்பை மூடித் திறந்தாலும் அப்படியே இருக்கிறது. போட்டோஷாப்காரர்கள் பல வருஷமாக அனுபவிக்கும் வசதி. கிம்ப் தாமதமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் புதிதாகக் கற்கிறவருக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறில்லை. என்ன செய்தாலும் மூலப்படம் அடியில் பத்திரமாக இருக்கும் என்று தெரிந்தால்தான் கை துணிந்து போகும்.

அதன் அருமை எனக்கு மூக்குத்தியால் தெரிந்தது. பூச்சி அரித்த புள்ளிகளையும் மடிப்பையும் சரிசெய்ய ஹீல் கருவி இருக்கிறது. கன்ட்ரோலை அழுத்தி நல்ல இடத்தைச் சொடுக்கிக் காட்டிவிட்டு, கெட்ட இடத்தில் தேய்த்தால், நல்ல இடத்தின் நெசவை எடுத்துக் கெட்ட இடத்தின் வெளிச்சத்தோடு கலந்து ஒட்டும். போட்டோஷாப்பில் மூலம் காட்டாமலே தேய்க்க ஒரு தூரிகை உண்டு. இங்கே ஒவ்வொரு தடவையும் நாம்தான் காட்ட வேண்டும். சலிப்பான வேலை. இரவு பதினொரு மணி வரைக்கும் வெள்ளைப் புள்ளி வெள்ளைப் புள்ளியாகத் தேடி அடித்துக்கொண்டே போனேன். மறுநாள் அத்தையிடம் காட்டினேன். மடிப்பு போனதை அவர் பார்க்கவே இல்லை.

"எங்கம்மா மூக்குத்தி எங்கடா?"

முகத்தில் இருந்த வெள்ளைப் புள்ளிகளோடு சேர்த்து அதையும் அடித்திருந்தேன். நல்லவேளை, தேய்த்ததெல்லாம் தனி லேயரில். மேலே ஒரு காலி லேயர் வைத்து, ஹீல் கருவியின் விருப்பங்களில் 'சாம்பிள் மெர்ஜ்டு' என்பதை டிக் செய்துவிட்டால், கருவி அடியில் இருக்கும் படத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளும், ஒட்டுவதை மட்டும் மேல் லேயரில் ஒட்டும். அந்த லேயரில் மூக்கருகே அழிப்பானால் ஒரு தொடு. மூக்குத்தி திரும்ப வந்தது. அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிளெக்ஸ் வேலை வேறு ரகம். அதற்கு மாஸ்க் தெரிய வேண்டும். பாப்பா படத்தின் பின்னணியை எடுக்க அழிப்பானைத் தொடாதீர்கள். லேயருக்கு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அதில் கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் தெரியும், எக்ஸ் விசையைத் தட்டினால் நிறம் இடம் மாறும். மாஸ்க்கைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். முன்புறத்தைத் தானாகவே பிரித்தெடுக்க ஒரு கருவி தந்திருக்கிறார்கள். என் கணினியில் அது யோசித்து முடிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்; வந்து பார்த்தால் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தில் பாதியைப் பின்னணியோடு கொண்டுபோயிருக்கும். பூவைக் கையால்தான் மீட்டேன். போனில் ஒரு விரல் தட்டலில் பின்னணி நீங்கும் இந்தக் காலத்தில் இது பின்தங்கல்தான், மழுப்ப முடியாது. வட்டம் வரையவும் இந்தப் பதிப்பில் நேரடிக் கருவி இல்லை. வட்டமாகத் தேர்வு செய்து அதற்குள் நிறம் ஊற்ற வேண்டும். அடுத்த நாள் அந்த வட்டத்தைப் பெரிதாக்கினால் விளிம்பு மங்கும். லோகோ, அலங்கார வளைவு என்று போகிறவர்கள் இங்க்ஸ்கேப் பக்கம் போய்விடுவது நல்லது; அதுவும் இலவசம்தான்.

தமிழ் எழுத்தில் கிம்ப் என்னை ஆச்சரியப்படுத்தியது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் என்றுதான் சேமிக்கிறோம். திரையில் கொம்பு முன்னே வந்து, கால் பின்னே நிற்க வேண்டும். இந்த இடமாற்றம் தெரியாத மென்பொருளில் கொம்பு போய்ப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். போட்டோஷாப்பிலேயே அமைப்புகளுக்குள் போய் உலக மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தை நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த காலம் உண்டு. கிம்ப் எழுத்தைக் கோப்பதற்குப் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு நூலகங்களை நம்பியிருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டத் தட்ட 'கொலுசு', 'ஸ்ரீ' எல்லாம் பிசகில்லாமல் விழுந்தன. கூகுள் எழுத்துரு தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் காடமரான், பாலு தம்பி, கவிவாணர் மூன்றையும் நிறுவிக்கொண்டேன். 3.0-இல் எழுத்தைச் சுற்றிக் கரை கட்டவும் நேரடி வசதி வந்துவிட்டது. மஞ்சள் எழுத்து, சிவப்புக் கரை. காதுகுத்துக்கு அது இல்லாமல் முடியுமா?

அளவுக்கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்துக்கு எட்டு அடி பிளெக்ஸ் என்றால் 120-க்கு 96 அங்குலம். 72 டிபிஐ வைத்தாலே 8640-க்கு 6912, கிட்டத்தட்ட 6 கோடி புள்ளிகள். நான் தெரியாத்தனமாக 300 என்று போட்டேன். கணினி மூச்சுவிட மறந்தது. தூரத்தில் நின்று பார்க்கும் பலகைக்கு 72-ஏ அதிகம். கடைக்காரர்கள் அதற்கும் கீழே வைத்து அடிக்கிறார்கள்.

நிறத்திலும் கண் வைக்க வேண்டும். திரை மினுக்கும் நிறத்தையெல்லாம் அச்சு மை தராது. பாப்பாவின் கிளிப்பச்சைப் பாவாடை திரையில் கண்ணைப் பறித்தது. அச்சில் எப்படி விழும் என்று முன்கூட்டிப் பார்க்க, சிஎம்ஒய்கே சுயவிவரக் கோப்பு ஒன்றைக் கொடுத்துப் 'ப்ரூஃப் கலர்ஸ்' போட்டால் போதும். போட்டேன்; பாவாடை வாடிய வாழையிலை நிறத்துக்கு இறங்கியது. முன்னாலேயே தெரிந்ததால் பச்சையோடு மல்லுக்கட்டாமல் பின்னணியை இன்னும் இருட்டாக்கிக்கொண்டேன்.

யாருக்கு இது உகந்தது? இன்று சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு போக வேண்டும் என்றால் கேன்வாவில் டெம்பிளேட் எடுத்துப் பெயரை மாற்றிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், கிம்ப் வேண்டாம். கடை வேலைக்குப் போகும் எண்ணமிருந்தால் போட்டோஷாப்பின் மெனு கைக்குப் பழகியாக வேண்டும். அதற்குப் போட்டோபீ இருக்கிறது. ஐவான் குட்ஸ்கிர் என்ற தனி ஆள் உருவாக்கியது. பிரவுசரிலேயே ஓடும், விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் காசில்லை, பார்வைக்கும் கிட்டத்தட்ட போட்டோஷாப். ஆனால் லேயர், மாஸ்க், கர்வ்ஸ் மூன்றும் ஏன் அப்படி இருக்கின்றன என்று புரிந்துகொள்ள விரும்புகிறவரை நான் கிம்ப் 3-க்குத்தான் அனுப்புவேன். மெனு குழப்பம்தான், ஒரு வாரம் திட்டுவீர்கள். இந்த மூன்றும் பிடிபட்டால் எந்த மென்பொருளுக்குப் போனாலும் பொத்தான் இருக்கும் இடத்தைத் தேடுவது மட்டும்தான் பாக்கி.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு கோப்பைக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி ஏதோ பழைய போட்டோஷாப் வைத்திருந்தார். "பிஎஸ்டியா குடுங்கண்ணே, மாத்தணும்னா மாத்திக்கலாம்" என்றார். கொடுத்தேன். போட்டோஷாப்பின் சொந்த வடிவமான அதில் லேயர்கள் ஒழுங்காகத் திறந்தன. எழுத்து மட்டும் எழுத்தாக இல்லை, படமாகியிருந்தது. அப்போதுதான் அக்கா போன் செய்தாள். பெரியப்பா பெயரை விட்டுவிட்டேனாம்.

என் மடிக்கணினி வீட்டில். தம்பி யோசிக்கவே இல்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, ஆங்கில விசைகளைச் சடசடவென்று தட்டினார். பாமினியில் எம் விசையில்தான் அகரம் இருக்கிறது. 'அம்மா' வேண்டுமென்றால் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். யூனிகோடு வருவதற்கு முன்பே விரலில் ஏறிவிட்ட பாடம். இருபது நொடியில் பெரியப்பா பெயர் விழுந்தது. மற்றவர்களெல்லாம் பாலு தம்பியில் உருண்டையாக நிற்க, அவர் மட்டும் பாமினியில் கூர்மையாக, ஒரு சுற்றுப் பெரிதாக. மாற்ற நேரமில்லை.

மண்டப வாசலில் பெரியப்பா அந்தப் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். தன் பெயருக்கு மட்டும் தனி எழுத்து போட்டதற்காக என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போனார்.