தூக்கிக்கொண்டு போனது யார்?
(‘சுழல்’ தொடர் குறித்துச் சில முதல் மனப்பதிவுகள்)

‘சுழல்’ தொடரின் முதல் பகுதியைச் செங்கோட்டையில் அத்தை வீட்டில் வைத்துப் பார்த்தேன். தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் (பார்த்திபன்) இளைய மகள் நிலாவைக் காணவில்லை. யார் கடத்தியிருப்பார்கள் என்று போலீஸ் ஒவ்வொருவராகச் சந்தேகப்படத் தொடங்குகிறது. பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அவளாத்தான் போயிருப்பா. போலீசுக்குத்தான் எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருக்கணும்.”

இந்த ஒரு வாக்கியம் மிச்சமிருந்த ஏழு பகுதிகளையும் எனக்கு வேறொரு பிரதியாக மாற்றிவிட்டது.

2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வெளியான எட்டுப் பகுதித் தொடர் இது. எழுத்து புஷ்கர் - காயத்ரி. இயக்கம் பிரம்மா, அனுசரண். (2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகம் வேறு ஊர், வேறு வழக்கு, அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.) சாம்பலூர் என்றொரு கற்பனை ஊர். சிமெண்ட் ஆலை, தொழிலாளர் போராட்டம், மயானக் கொள்ளைத் திருவிழா. ஆலை எரிந்த அதே ராத்திரியில்தான் பெண்ணும் காணாமல் போகிறாள்.

மயானக் கொள்ளை மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு உரியது, வடதமிழ்நாட்டுச் சங்கதி. எங்கள் பக்கம் கொடையும் சுடலையும்தான். ஆகவே வேஷக்காரர்கள் திரையில் வந்து ஆடும்போதெல்லாம் எனக்கும் அது வேடிக்கைதான். ஊர்ப்பெயர் இல்லாத ஒரு சந்தைக்காகத் தெய்வத்தை வேரோடு பிடுங்கி நட்டிருக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. இருந்தாலும் பெரிதாகச் சண்டை போட விருப்பமில்லை. என் கேள்வி ‘கடத்தல்’ என்ற சொல்லைப் பற்றியது.

இந்தச் சொல் நம் வீடுகளுக்கு அரசு இரவல் கொடுத்த சொல். 18 வயது நிரம்பாத பெண்ணைச் சட்டபூர்வக் காப்பாளரின் பொறுப்பிலிருந்து அவருடைய சம்மதமில்லாமல் கொண்டுபோனால் கடத்தல் என்றது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 361ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆவது பிரிவிலும் காப்பாளரின் சம்மதம்தான் கணக்கு. சிறுபிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ‘அவளாத்தான் போயிருப்பா’ என்பது பதின்வயதுப் பெண் விஷயத்தில் முழு நியாயமும் ஆகாது. அத்தையோடு எனக்கு அதில் தகராறு உண்டு. ஆனால் காப்பாளரின் வீடு பத்திரமான இடம் என்று சட்டம் கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொள்கிறதே, அது எப்படி?

‘சுழல்’ கைவைப்பது இந்த இடத்தில்தான். தேடலை வெளியே எங்கெங்கோ ஓடவிட்டு, கடைசியில் வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஊர் திரும்பும் அக்கா நந்தினி (ஐஸ்வர்யா ராஜேஷ்) அந்த வீட்டுக்குள் நிற்கிற நிற்பிலேயே பாதி விஷயம் தெரிந்துபோகிறது. சண்முகமும் இன்ஸ்பெக்டர் ரெஜினாவும் (ஸ்ரேயா ரெட்டி) எதிரெதிர்த் துருவங்கள். ரெஜினாவின் மகனும் நிலாவும் காதலித்தது தெரிந்ததும், பெற்றோர் என்ற இடத்தில் நிற்கிற இருவரின் மொழியும் ஒன்றாகிவிடுகிறது. தொழிற்சங்கமும் காவல் நிலையமும் ஒரே குரலில் ‘என் பிள்ளை’ என்று பேசுவதைத் தமிழ்த் திரையில் இவ்வளவு துல்லியமாக நான் பார்த்ததில்லை.

குறை என்னவென்றால், யாரைப் பற்றிக் கதையோ அவளுக்குக் கதையாடலில் இடமில்லை. நிலாவை மற்றவர்கள் நினைவுகூர்கிறார்கள், ஊகிக்கிறார்கள், அழுகிறார்கள். அவள் வாய்திறந்து பேசவேண்டிய இடத்தில் அவள் இல்லை. சாதியின் பெயரும் என் காதில் விழவில்லை. இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் காதலித்த ஊரில் அதை யாருமே கேட்கமாட்டார்களா என்ன?

எங்கள் பக்கத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்லவேண்டும். 2023 ஜனவரியில் தென்காசி அருகே, காதல் மணம் செய்துகொண்ட ஓர் இளம்பெண்ணை அவளுடைய சொந்தக் குடும்பத்தாரே கடத்திப் போனதாக வழக்குப் பதிவானது. அவளை இழுத்துப் போகும் காட்சி எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. விவகாரம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. பெயர்கள் இங்கே வேண்டாம். அந்த நாட்களில் டீக்கடையில் நான் கேட்ட பேச்சு இது: “பெத்தவங்கதானய்யா கூட்டிட்டுப் போனாங்க, அது எப்படிக் கடத்தல் ஆவும்?” சொன்னவர் படித்தவர், முற்போக்கு மேடைகளில் பேசுகிறவர். காதலன் கூட்டிப்போனால் உடனே நாக்கில் வருகிற சொல், அப்பா இழுத்துப்போகும்போது வரமாட்டேன் என்கிறது. ‘சுழல்’ அவருக்குப் போட்டுக்காட்ட வேண்டிய தொடர். சண்முகத்திடம் அவர் தன்னைப் பார்த்துக்கொள்வாரா என்பது வேறு.

எட்டாம் பகுதி முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அழுது முடித்திருந்த அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “ஏல, அந்தப் பாக்டரி எரிஞ்சுதே, அதுல வேலை பாத்தவங்க எல்லாம் என்ன ஆனாங்க?”