சுழல் எஞ்சின் கார்: குறை எங்கே?

பழைய கார்களில் ஆர்வம் கொண்டோர் கூடுமிடத்தில் 'ரோ 80' என்ற பெயரை எடுத்தால் போதும். கூட்டம் இரு கட்சியாகப் பிரிந்துவிடும். காலத்தை முந்திப் பிறந்த அற்புதம் என்பர் ஒரு சாரார். வாங்கியவரை நடுத்தெருவில் நிறுத்திய வண்டி என்பர் மறு சாரார். யார் சொல்வது சரி? விடை காண அக்காரின் எஞ்சினுக்குள் நாம் சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

மேற்கு ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் நகரில் இயங்கிய என்.எஸ்.யு. நிறுவனம் 1967-இல் இக்காரை வெளியிட்டது. காற்றின் தடையைக் குறைக்கும் வழவழப்பான வடிவம், நான்கு சக்கரங்களுக்கும் தட்டு பிரேக், 115 குதிரைத் திறன் ஆகியவை அதன் சிறப்புகள். 1968-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசையும் அது பெற்றது.

எல்லாவற்றிலும் புதுமை அதன் எஞ்சினே. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. அந்த இயக்கத்தைப் பிறகு சுழற்சியாக மாற்ற வேண்டும். ஃபெலிக்ஸ் வாங்கெல் என்பவர் வகுத்த எஞ்சினில் பிஸ்டனே இல்லை. இடை சற்று ஒடுங்கிய நீள்வட்ட அறையில், பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று சுழல்கிறது. சுழலிக்கும் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகின்றன. உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் ஆகிய நான்கு வேலைகளும் ஒவ்வோர் அறையிலும் வரிசையாக நிகழ்கின்றன. வால்வுகள் தேவையில்லை, அதிர்வும் மிகக் குறைவு.

இவ்வளவு எளிய எஞ்சினுக்குத் தொல்லை எங்கிருந்து வந்தது? சுழலியின் மூன்று முனைகளிலிருந்துதான். அறைக்கு அறை வாயு கசியாதிருக்க ஒவ்வொரு முனையிலும் மெல்லிய அடைப்புப் பட்டை ஒன்று சுவரை உரசியபடி ஓட வேண்டும். அது சுவரைத் தொடுவது ஒரு கோட்டளவில் மட்டுமே. தொடும் கோணமும் கணந்தோறும் மாறுகிறது. பட்டை தேய்ந்தால் அழுத்தம் கசியும், திறன் குறையும், குளிர்ந்த எஞ்சின் கிளம்ப மறுக்கும்.

ரோ 80-இல் நேர்ந்தது இதுவே. 50,000 கிலோமீட்டர் ஓடுமுன்னரே எஞ்சினைப் பழுது பார்க்கும் நிலை பலருக்கு ஏற்பட்டது. பழகிய எஞ்சின்களையே அறிந்திருந்த மெக்கானிக்குகளுக்கோ இது புதிராக இருந்தது. உத்தரவாதத்தின்பேரில் நிறுவனம் எஞ்சின்களை மாற்றித் தந்தது. வழியில் எதிர்ப்படும் ரோ 80 உரிமையாளர்கள், இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்று விரல்களைக் காட்டிக்கொள்வார்களாம்! பிரிட்டனில் சிலர் சுழல் எஞ்சினையே கழற்றிவிட்டு, ஃபோர்டு எஞ்சினைப் பொருத்தினர். சிக்கல் தீர்ந்தது, காரின் உயிரும் போயிற்று. 1969-இல் என்.எஸ்.யு. நிறுவனம் வோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் போனதற்கு இந்த உத்தரவாதச் செலவும் ஒரு காரணம்.

அப்படியானால் வாங்கெலின் கருத்தே தவறா? அன்று, இதற்கு ஜப்பானில் சான்று உண்டு. என்.எஸ்.யு.விடம் உரிமம் பெற்ற மாஸ்டா நிறுவனமும் அதே முனைத் தொல்லையைச் சந்தித்தது. பட்டை அதிர்ந்து சுவரில் வரிவரியாகக் கீறிற்று. அக்கீறல்களைப் 'பிசாசின் நகக்குறி' என்றே பொறியாளர்கள் அழைத்தனர். கெனிச்சி யமமோட்டோவின் குழு பல பொருள்களை ஆராய்ந்து, அலுமினியம் ஏற்றிய கரிப் பட்டையைத் தேர்ந்தது. முன்னோட்டக் கார்களைச் சாலையில் ஓட்டிச் சோதித்த பிறகே, 1967-இல் 'காஸ்மோ ஸ்போர்ட்' காரை விற்பனைக்கு விட்டது. 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றதும் மாஸ்டாவின் சுழல் எஞ்சின் காரே.

ரோ 80-இன் பட்டையும் பின்னர்த் திருத்தப்பட்டது. ஆனால் கெட்ட பெயரைத் திருத்த முடியவில்லை. அதோடு, பட்டை மாற்றத்தால் தீராத குறை ஒன்றும் உண்டு. நீண்டு தட்டையான எரியறையின் பெரும் பரப்பு வழியே வெப்பம் வீணாகிறது. எரிபொருள் முழுமையாக எரிவதில்லை. எனவே பெட்ரோல் அதிகம் செலவாகிறது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது இக்குறை பூதாகாரமாயிற்று. 1977-இல் ரோ 80-இன் உற்பத்தி நின்றது. அதுவரை வெளிவந்தவை ஏறத்தாழ 37,000 கார்களே.

ஆகவே இரு கட்சியாரும் பாதி உண்மையையே பேசுகின்றனர். போற்றுவோர் பெட்ரோல் கணக்கை மறக்கின்றனர்; தூற்றுவோர் மாஸ்டாவை மறக்கின்றனர். துணிந்து புதுமை செய்ததற்காக என்.எஸ்.யு.வைக் குறை கூற வேண்டியதில்லை. ஒற்றைச் சுழலி கொண்ட 'ஸ்பைடர்' காரை 1964 முதல் விற்றுப் பழகிய நிறுவனம் அது. அத்தொல்லையை அறிந்திருந்தும், ஆய்வுக்கூடத்தில் முடித்திருக்க வேண்டிய சோதனையை வாங்கியவர்களின் தலையில் சுமத்தியதே அதன் பிழை. புதிய கருத்தை அறிவியல் வரவேற்கிறது. ஆனால் அதைச் சோதிக்கும் செலவை வாங்குபவன் ஏன் ஏற்க வேண்டும்?