குட்டி யானையை ரசிப்பது எப்படி?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. 2005 மே மாதம் டாடா ஏஸ் விற்பனைக்கு வந்தபோது அதற்குக் குறித்த சுமை 750 கிலோ. ஆக, 15 மூட்டை. 1970 முதல் அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் ஆலங்குளத்தில் இந்தக் கணக்குக்குப் பேப்பர், பேனா தேவைப்படாது. லாரியில் மொத்தமாகக் கடைக்கு வந்திறங்கும் மூட்டையை, வீடு கட்டுகிறவரின் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க அளவெடுத்துச் செய்தது மாதிரி ஒரு வண்டி. ஊர் அதற்கு வைத்த பெயர் குட்டி யானை.

ரசனையைக் காதிலிருந்து தொடங்கலாம். பழைய டீசல் ஏஸ் ஸ்டார்ட் ஆகும்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கார் போல ஒரே சீராக உறுமாது. டக டக என்று விட்டுவிட்டு அடிக்கும். காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது. டாடாவில் கிரீஷ் வாக் தலைமையிலான குழு புது எஞ்சினுக்குப் பெரும்பணம் கொட்டாமல், இண்டிகா காரின் 1.4 லிட்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக்கியது. நாலு சிலிண்டர் இரண்டானது. 702 சிசி, 16 குதிரைத்திறன். அந்த எஞ்சின் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதால், சூடும் அதிர்வும் டிரைவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஏன் இவ்வளவு சிக்கனம்? அன்று ஒரு பக்கம் மூன்று சக்கர லோடு ஆட்டோ, இன்னொரு பக்கம் லாரி. நடுவில் ஏறக்குறைய காலி. ஆட்டோக்காரரின் கைக்கு எட்டும் விலையில் நாலு சக்கரம் கொடுத்தால்தான் அந்த இடம் நிரம்பும். அதற்காகத் தேவையில்லாததை எல்லாம் கழித்தார்கள்.

அடுத்தது கண். வண்டியின் பின்பக்கம் குனிந்து வில்பட்டையை, அதாவது லீஃப் ஸ்பிரிங்கைப் பாருங்கள். காலி வண்டியில் வில்லாக வளைந்திருக்கும். லோடு ஏற ஏற நிமிரும். இதைத் தெரிந்துகொண்டால் தார்ப்பாயைப் பிரிக்காமலே சரக்கை ஊகிக்கலாம். ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி ஏற்றிவரும் வண்டியில் சுமை கேபினுக்கு மேலே எழும்பி நிற்கும், ஆனால் பட்டை இன்னும் வளைந்தே இருக்கும். சிமெண்ட் வண்டியில் நேர்மாறு. தூரத்திலிருந்து பார்த்தால் பாதி காலியாகத் தெரியும். பட்டையோ நிமிர்ந்து கிடக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பால் கேன் ஏற்றிப்போகும் வண்டி இரண்டுக்கும் நடுவில்.

திரும்பும் அழகும் பார்க்க வேண்டியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும் ரத வீதிகள் அகலமானவை. அவற்றிலிருந்து பிரியும் சந்துகள் அப்படியல்ல. 3.8 மீட்டர் நீளமும் 4.3 மீட்டர் திருப்ப ஆரமும் கொண்ட ஏஸ், அந்தச் சந்து முனையில் ஒரே ஒடிப்பில் உள்ளே போய்விடும். ஜப்பானின் குட்டி லாரியான கெய் டிரக் இதைவிடச் சிறியது: 3.4 மீட்டர், 660 சிசி. ஆனால் அங்கே சட்டம் அனுமதிக்கும் சுமை 350 கிலோதான், அதாவது 7 மூட்டை.

ஏஸ் குடும்பத்தை அடையாளம் காண்பது தனிச் சுவை. 2007-ல் சரக்குக்குப் பதில் ஆளை ஏற்றும் மேஜிக் வந்தது. 2011-ல் ஏஸைவிடச் சின்ன ஜிப். 2018-ல் ஏஸ் கோல்டு. 2020-ல் அதே கோல்டு பெட்ரோலில் வந்தது. சிலிண்டர் அப்போதும் இரண்டுதான், டக டக மட்டும் அடங்கிப்போனது. 2022-ல் மின்சார ஏஸ் வந்ததும் மிச்சமிருந்த சத்தமும் போயிற்று. 2025 ஜூனில் ஏஸ் புரோ வந்தபோது அதன் தொடக்க விலை 3.99 லட்சம் ரூபாயாக இருந்தது. சுமை? பழைய அதே 750 கிலோ. இருபது வருடத்தில் எஞ்சின் மாறியது, எரிபொருள் மாறியது. 15 மூட்டை மாறவில்லை.

கொஞ்சம் உயரமாக, அகன்ற தோளோடு ஒரு வண்டி எதிரே வந்தால் அதையும் குட்டி யானை என்று சொல்லிவிட வேண்டாம். 2011 முதல் ஓசூரில் உருவாகும் அசோக் லேலண்டின் தோஸ்த் ஆக இருக்கலாம். அது ஒன்றேகால் டன் கணக்கு, 25 மூட்டை.

எல்லாம் பழகியபின் ஒரு சாயங்காலம் ஆலங்குளம் சாலையோர டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் ஏஸ், வேகத்தடையில் துள்ளி ஏறி இறங்கும். தளத்தில் சிமெண்ட் தூள் படிந்திருக்கும், மடித்த தார்ப்பாய் மூலையில் கிடக்கும், வில்பட்டை மறுபடி வளைந்திருக்கும்.